பயிற்சி ஆசிரியர்களைத் தாமாகக் கற்கப் பழக்குதல்: எல்லைப்புறத் தமிழ் வகுப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் எனப் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தமிழ் வகுப்புள்ள பள்ளிகளுக்கு டி.எல்.எட்., பி.எட். பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். அவர்களைத் தம் வகுப்பில் ஏற்றுக்கொள்ளும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். பாடம் நடத்தச் சொல்லித்தருவது ஒரு வேலை. நீங்கள் பக்கத்தில் இல்லாத வருடங்களிலும் அவர் தன் வகுப்பைப் பார்த்தே கற்றுக்கொள்ளும்படி செய்வது வேறு வேலை. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி மட்டும்.

இதில் வரிசைதான் பாதி வேலை. வழக்கமாக முதலில் கொள்கை, அப்புறம் டீச்சிங் மேனுவல் (பாடத் திட்டக் குறிப்பு), அப்புறம் வகுப்பு, கடைசியில் குறை சொல்லல் என்று போகும். நான் சொல்லும் வரிசையில் பிள்ளைகளின் நோட்டு முதலில் வரும், புத்தகம் ஏறக்குறையக் கடைசியில் வரும். காரணத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. அவர்கள் வருவதற்கு முன்

தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு சலுகை கேட்டு வாங்குங்கள்: பயிற்சி ஆசிரியர் வகுப்பு எடுக்கும் நாளில், அதற்கு அடுத்த பீரியடு அவருக்கும் உங்களுக்கும் ஓய்வாக இருக்க வேண்டும். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் நாலு மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மறுநாள் பேசினால் வகுப்பில் நடந்தது மறந்து, நடந்ததாக நினைப்பது மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது, ரெக்கார்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாதா நோட்டு. யாரும் கையெழுத்துப் போடாத, மார்க் இல்லாத நோட்டு. ரெக்கார்டு என்பது மதிப்பெண்ணுக்கு எழுதுவது, அதில் யாரும் உண்மையான குழப்பத்தை எழுத மாட்டார்கள். எழுதவும் கூடாது என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். இந்தச் சாதா நோட்டை நீங்களும் கேட்டு வாங்கிப் படிக்காதீர்கள். அவராகக் காட்டினால் பாருங்கள்.

மூன்றாவது, கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வருபவரிடம் எதற்கு மார்க் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கரும்பலகை வேலைக்கும் துணைக்கருவிக்கும் மார்க் என்றால், பயிற்சி ஆசிரியரின் கவனம் முழுக்க சார்ட் பேப்பரில்தான் இருக்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. மேற்பார்வையாளர் வரும் நாள்களைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதி நாள்களை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதல் வாரம் பாடம் வேண்டாம், நோட்டைப் படிக்க வையுங்கள்

வந்த மறுநாளே வகுப்பைக் கையில் கொடுத்தால், ‘எப்படித் தப்பிப்பது’ என்பதைத்தான் அவர் முதலில் கற்பார். வேறு எதையும் கற்க மனதில் இடம் இருக்காது. அதனால் முதலில் பிள்ளைகள் எழுதியதைப் படிக்கட்டும்.

மூன்றாம் வகுப்புக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். பலகையில் 52 − 37. சரியான விடை 15. நோட்டுகளைப் புரட்டினால் சிலர் 89 எழுதியிருப்பார்கள், கூட்டிவிட்டார்கள். சிலர் 20 எழுதியிருப்பார்கள், இரண்டில் ஏழு போகாது, ஆகவே பூஜ்யம் என்று முடிவு கட்டியவர்கள். ஒரு பெரிய கூட்டம் 25 எழுதியிருக்கும். பயிற்சி ஆசிரியர் உடனே சொல்வார்: “இவங்களுக்குக் கடன் வாங்கத் தெரியலை சார். நாளைக்கு மறுபடி ஒருமுறை நடத்திடறேன்.”

அங்கே நிறுத்துங்கள். 25 எழுதிய ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இதை எப்படிச் செஞ்சே, சொல்லு பாக்கலாம்” என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை, “ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதான் ஏழுல ரெண்டு எடுத்தேன்” என்று சொல்லும். அடுத்த பிள்ளை, “பத்து கடன் வாங்கிப் பன்னெண்டு ஆச்சு, பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு, அஞ்சுல மூணு போனா ரெண்டு” என்று கடகடவென ஒப்பிக்கும். இவனுக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. கொடுத்த பத்தின் இடத்தில் ஒன்றைக் குறைக்கத்தான் மறந்துவிட்டான். விடை ஒன்று, காரணம் இரண்டு.

இப்போது பயிற்சி ஆசிரியரிடம் ஒரு வேலை கொடுங்கள்: இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் கேள்வி கேட்காமலே பிரித்துக்காட்டும் ஒரு கணக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் தடுமாறுவார். 64 − 28 கொடுத்தால், சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து எடுக்கும் பிள்ளைக்கு 44 வரும். கடன் வாங்கி, குறைக்க மறந்த பிள்ளைக்கு 46 வரும். சரியான விடை 36. ஒன்றுகளின் இடத்தில் வித்தியாசம் சரியாக 5 இருந்தால் மட்டும் இரண்டு தவறும் ஒரே விடையில் வந்து முட்டும். 52 − 37 அந்த மாதிரிக் கணக்கு.

இதைத் தானே கண்டுபிடித்தவருக்கு, யாரும் சொல்லாமல் இரண்டு விஷயம் பிடிபடும். விடையை வைத்துப் பிள்ளையை எடை போட முடியாது என்பது ஒன்று. கேள்வியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் ஆசிரியரின் சாமர்த்தியம் இருக்கிறது என்பது மற்றொன்று. இதை நீங்கள் விரிவுரையாகச் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார், அவ்வளவுதான்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு நம்முடையது: அவர் தடுமாறும்போது பொறுக்காமல் விடையைச் சொல்லிவிடுவது. ஒரு நாள் எடுத்துக்கொள்ளட்டும்.

3. கேள்வியைச் சின்னதாக்குதல்

‘பிள்ளைகளின் கவனத்தை எப்படி ஈர்ப்பது?’ — எந்தப் பயிற்சி ஆசிரியரைக் கேட்டாலும் இதைத்தான் கேட்பார். இந்தக் கேள்விக்கு இருபது வருடம் ஆனாலும் பதில் கிடைக்காது. அவ்வளவு பெரிய கேள்வியோடு வகுப்புக்குள் போனால் எதையும் பார்க்க முடியாது, எல்லாமே கவனக்குறைவாகத்தான் தெரியும்.

கேள்வி எவ்வளவு சின்னதாக வேண்டும்? அடுத்த இரண்டு வாரத்துக்குள், இந்த ஒரு வகுப்பில், கண்ணால் பார்க்கக்கூடிய அளவுக்கு. ‘நான் கேள்வி கேட்டதும் எப்போதும் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்களா?’ என்பது நல்ல கேள்வி. ‘மலையாளம் வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகள் வாய்க்கணக்கில் பின்தங்குகிறார்களா, எழுத்துக்கணக்கிலுமா?’ என்பது இன்னும் நல்ல கேள்வி. எல்லைப் பள்ளியில் இதை எடுத்துக்கொண்டவர்கள் நிறையக் கண்டுபிடிப்பார்கள். கணக்குத் தெரிந்தும் கேள்வி புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை முதன்முதலாக அடையாளம் காண்பார்கள்.

கேள்வியை நீங்கள் கொடுக்காதீர்கள். அவர் கொண்டுவரும் பெரிய கேள்வியை எடுத்துக்கொண்டு, “எந்தப் பிள்ளை? எந்த நேரத்துல?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று முறை கேட்டால் தானாகவே சுருங்கிவிடும். கேள்வி அவருடையதாக இருந்தால்தான் நீங்கள் போன பிறகும் அதைத் தேடுவார்.

4. அடுத்தவர் வகுப்பைப் பார்த்தல்

பின்பெஞ்சில் உட்கார்ந்து ‘அப்சர்வேஷன்’ எழுதும் பயிற்சி ஆசிரியரின் தாளைப் பாருங்கள். ‘ஆசிரியர் தெளிவான குரலில் பேசினார், கரும்பலகையை நன்கு பயன்படுத்தினார், மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர்.’ வகுப்பைப் பார்க்காமலே எழுதலாம் இதை. சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பார்க்கும்போது எண்ணுவதற்கு ஒரு பொருள் வேண்டும். நான் முதலில் கொடுப்பது காத்திருக்கும் நேரம். ஆசிரியர் கேள்வி கேட்டு முடித்ததற்கும், விடை வராமல் அவரே பேசத் தொடங்குவதற்கும் இடையில் எத்தனை நொடி? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, சராசரியாக ஒரு நொடி அளவுதான் இருந்தது. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பதிலே வராத கேள்விகள் குறைந்தன. இதைப் பயிற்சி ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லாதீர்கள். முதலில் உங்கள் வகுப்பில் எண்ணட்டும். உங்களுக்கும் ஒரு நொடிதான் வரும், கவலைப்படாதீர்கள். அதை அவர் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் வந்ததென்றால் பயிற்சி நல்ல திசையில் போகிறது என்று அர்த்தம்.

ஆக, முதலில் பார்க்கப்பட வேண்டியது உங்கள் வகுப்பு. மூத்தவரின் வகுப்பிலும் குறை இருக்கிறது, அதைச் சண்டையில்லாமல் பேசலாம் என்று தெரிந்த பிறகுதான் அவர் தன் வகுப்பைத் திறந்து காட்டுவார்.

5. ஒன்றை மட்டும் மாற்றுதல்

உற்சாகமான பயிற்சி ஆசிரியர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரே நாளில் குழு வேலை, விளையாட்டு, பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். வகுப்பு கலகலவென்று இருக்கும். எதனால் பிள்ளைகளுக்குப் புரிந்தது, அல்லது புரியவே இல்லையா என்று சொல்ல முடியாது. வைத்தியர் ஒரே நாளில் ஐந்து மருந்தை மாற்றினால் எது கேட்டது என்று அவருக்கே தெரியாதில்லையா, அது போல.

ஒன்று மட்டும் மாற்றட்டும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் மூன்று வரை எண்ணுவது. அல்லது கழித்தலில் 44 வந்த பிள்ளைகளுக்கு மட்டும் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டுவது, 46 வந்தவர்களைப் பத்துகளின் எண்ணை அடித்து, மேலே புது எண்ணை எழுதிக் காட்டச் சொல்வது. மாற்றத்துக்கு முன் ஒரு சின்னக் கணக்கு, பின் ஒரு சின்னக் கணக்கு. எண்கள் வேறாக இருக்கட்டும், வகை ஒன்றாக இருக்கட்டும்.

தோற்றுப்போகும் மாற்றத்துக்கும் இடம் கொடுங்கள். ‘பலிக்கவில்லை’ என்று எழுதத் தெரிந்தவர்தான் மேலே போகிறார். ரெக்கார்டில் எல்லாமே பலித்திருக்கும், கவனித்திருப்பீர்கள்.

போனில் தன் வகுப்பைப் பதிவுசெய்து கேட்பது நல்ல பழக்கம். தலைமையாசிரியரின் அனுமதி வாங்கி, குரல் மட்டும், அதுவும் தன் குரலுக்காக. பிள்ளைகளின் முகத்தை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

6. வகுப்பு முடிந்த பின் பேச்சு

முழு வேலையின் அச்சாணி இதுதான், கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான். வழக்கமான பேச்சு இப்படி இருக்கும்: பயிற்சி ஆசிரியர் பயந்துகொண்டே வந்து நிற்பார். நாம் ஏழு குறை சொல்வோம், கடைசியில் ‘மத்தபடி நல்லா இருந்தது’ என்போம். அவர் ஏழையும் எழுதிக்கொள்வார். மறுநாள் ஏழில் ஒன்றும் மாறியிருக்காது. மாறினாலும், நாம் சொன்னதற்காக மாறியிருக்கும். சொல்பவர் இல்லாத அடுத்த வருடம் அது நிற்காது.

பேச்சின் வரிசையை இப்படி வையுங்கள். முதலில் அவர் பேச வேண்டும். உங்கள் முதல் கேள்வி ‘எப்படி இருந்தது?’ என்று இருக்கக் கூடாது, அதற்கு ‘நல்லாத்தான் போச்சு சார்’ என்ற ஒரே பதில்தான் உண்டு. “நீங்க நினைச்சதுக்கு மாறா எங்கே போச்சு?” என்று கேளுங்கள். ஏதாவது சொல்வார். அப்புறம், “அது எப்படித் தெரிஞ்சுது?” என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் வேலை செய்யும். ‘புரிஞ்ச மாதிரி இருந்தாங்க’ என்றால், ‘யாரு?’ என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தொடங்கினால் நாலு பெயருக்கு மேல் வராது. மீதிப் பேர் என்ன செய்தார்கள் என்று தனக்குத் தெரியவில்லை என்பது அப்போது அவருக்கே தெரியும்.

அதன் பிறகு நீங்கள் ஒன்று சொல்லலாம். ஒன்றே ஒன்று. அதுவும் நீங்கள் பார்த்ததாக, எடைபோட்டதாக அல்லாமல். ‘ஜன்னல் பக்க வரிசையில மூணு பேர் கடைசி வரைக்கும் நோட்டைத் திறக்கலை’ என்பது பார்த்தது. ‘வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியலை’ என்பது எடைபோட்டது. முதலாவதை வைத்து அவர் யோசிக்கலாம், இரண்டாவதை வைத்து அழத்தான் முடியும்.

பிள்ளைகள் எதிரில் அவரை ‘டீச்சர்’, ‘சார்’ என்றே கூப்பிடுங்கள், பேரைச் சொல்லியோ ‘ஏம்மா’ என்றோ வேண்டாம். தனியாகப் பேசும்போதும் அதுவே நல்லது. மதிப்பாகப் பேசப்படுபவர்தான் தன் தவறைத் தானே எடுத்து வைப்பார்.

கடைசியில், நாளை எதை மாற்றப்போகிறார் என்று ஒரு வரி சாதா நோட்டில் எழுதிவிட்டு எழுந்திருக்கட்டும்.

7. இப்போதுதான் புத்தகம்

கேள்வி வந்த பிறகு படிப்பது வேறு படிப்பு. கழித்தலில் பிள்ளைகள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று மண்டை காய்ந்தவர் ஆசிரியர் கையேட்டில் இடமதிப்புப் பகுதியைத் தானே தேடிப் போவார். அதே பகுதியை முதல் வாரம் கொடுத்திருந்தால் அடிக்கோடு போட்டு மூடி வைத்திருப்பார்.

அடிக்கோடு என்றதும் ஒன்று. படித்ததையே திரும்பப் படிப்பது, மார்க்கர் பேனாவால் மஞ்சள் பூசுவது இரண்டும் நம்மூரில் படிப்பின் அடையாளங்கள். 2013இல் பத்துக் கற்றல் உத்திகளை அலசிய ஆய்வு ஒன்று இவ்விரண்டையும் பயன் குறைந்தவை என்று கீழே வைத்தது. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதையும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதையும் மேலே வைத்தது. 2006இல் வெளியான இன்னொரு சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தியிருந்தார்கள்.

ஆகவே பயிற்சி ஆசிரியருக்குக் கொடுக்கும் வேலை இது: ஒரு பக்கம் படி, மூடு, சாதா நோட்டில் நினைவிலிருந்து ஐந்து வரி எழுது, மறுபடி திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேர். மூன்று நாள் கழித்து, அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல். கே-டெட்டுக்கு (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) படிப்பவர்களுக்கு இது நேரடியாகவும் உதவும். அந்த ஆசையைக் காட்டியே ஆரம்பிக்கலாம், தப்பில்லை.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தமிழ் வழிப் பாடநூல் கைக்குக் கிடைக்கும். சமக்ரா என்ற கேரள அரசின் ஆசிரியர் இணையதளத்திலோ, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் கூட்டத்திலோ விளக்கங்கள் பெரும்பாலும் மலையாளத்தில்தான் ஓடும். தமிழ் வழியில் படித்துவந்த பயிற்சி ஆசிரியர் பேசாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், திரையில் தெரிவதைப் போட்டோ எடுத்துக்கொள்வார். அந்தப் போட்டோவை அவர் திறக்கவே மாட்டார். கூட்டம் முடிந்த அன்றே, புரிந்த அளவுக்குத் தமிழில் நினைவிலிருந்து எழுதி, புரியாத இடத்தில் கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். மறுநாள் மலையாளப் பிரிவு ஆசிரியரிடம் அந்தக் கேள்விக்குறிகளை மட்டும் கேட்கட்டும். “முழுசாச் சொல்லுங்க மாஷே” என்று போனால் யாருக்கும் நேரம் இருக்காது. மூன்று கேள்வியோடு போனால் டீ குடிக்கும் நேரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

மூத்த மாணவர்களின் பழைய மேனுவலைப் பார்த்து எழுதும் வழக்கத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் 2024இல் ஒற்றைப்படை வகுப்புகளுக்கும் 2025இல் இரட்டைப்படை வகுப்புகளுக்கும் பாடநூல் மாறிவிட்டது. பழைய மேனுவல் இப்போது காப்பியடிக்கக்கூட உதவாது.

8. ஜோடி

ஒரே பள்ளிக்கு இரண்டு பேராவது வந்தால் ஜோடி சேர்த்துவிடுங்கள். ஒரே பாடத்தை இருவரும் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் ஏ பிரிவில் நடத்த மற்றவர் பார்க்க வேண்டும், பிறகு திருத்தி, மற்றவர் பி பிரிவில் நடத்த வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் குழுவாகச் செய்வதன் சின்ன வடிவம் இது. பார்ப்பவர் ஆசிரியரைப் பார்க்கக் கூடாது, முன்பே சொல்லி வைத்த மூன்று பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நண்பர்கள் என்பதால் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொன்னால் அந்தத் தொல்லை குறையும்.

9. நீங்கள் விலகுதல்

அவர் பாடம் எடுக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் அவருடைய எல்லா வகுப்பையும் பாருங்கள். அடுத்து, அவர் கூப்பிடும் வகுப்பை மட்டும். எதைப் பார்க்க வேண்டும் என்றும் அவரே சொல்லட்டும். கடைசி வாரத்தில் வகுப்புக்குள் போகாமல், அவர் கொண்டுவரும் நோட்டுகளையும் அவர் சொல்வதையும் வைத்து மட்டும் பேசுங்கள். பார்க்காத வகுப்பைப் பற்றி உங்களுக்குப் புரியும்படி அவர் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகவே முன்னைவிடக் கூர்ந்து பார்ப்பார்.

விலகுவது நம்மில் பலருக்குக் கஷ்டம். நம் வகுப்பு, நம் பிள்ளைகள், ஓணப் பரீட்சை நெருங்குகிறது. போர்ஷன் முடிக்க வேண்டிய பாடத்தை நீங்களே வைத்துக்கொண்டு, தள்ளிப்போனாலும் பரவாயில்லாத பாடத்தை அவருக்குக் கொடுத்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

10. பயிற்சிக்கும் வேலைக்கும் நடுவில்

பட்டயமோ பட்டமோ வாங்கியதும் நிரந்தர வேலை கிடைப்பது அரிது. டியூஷன், தினக்கூலி ஆசிரியர் வேலை, ஒரு வருடம் இந்தப் பள்ளி, அடுத்த வருடம் வேறு பள்ளி. கற்கும் பழக்கம் அறுந்துபோவது இந்த இடைவெளியில்தான். ஆகவே போகும்போது அவர் கையில் மூன்று பொருள் இருக்கும்படி பாருங்கள்: அந்தச் சாதா நோட்டு, பிள்ளைகளின் தவறுகளைப் பெயர் நீக்கி வகைப்படுத்திய சில தாள்கள், அப்புறம் இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வி. டியூஷனுக்கு வரும் நாலு பிள்ளைகளை வைத்தே அந்தக் கேள்வியைத் தேடலாம்.

வேலைக்குச் சேர்ந்த பின் பயிற்சிகளுக்குக் குறைவிருக்காது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் வளர்ச்சியைச் சொல்கிறது. கேரளத்தில் கோடை விடுமுறைப் பயிற்சியும் கிளஸ்டரும் இருக்கின்றன, பள்ளிக்குள் எஸ்.ஆர்.ஜி. எனும் ஆசிரியர் குழுவின் கூட்டம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் மணி நேரம் கணக்காகிவிடும். அதில் ஏதாவது தேற வேண்டுமானால், கூட்டத்துக்குப் போகும் முன்தினம் தன் வகுப்பிலிருந்து ஒரு தவறான விடையைத் தாளில் எழுதி எடுத்துப்போகச் சொல்லிக்கொடுங்கள். எஸ்.ஆர்.ஜி.யில் பேச எதுவும் இல்லாமல் சுற்றறிக்கை வாசிக்கும் நேரத்தில் அந்தத் தாளை மேஜையில் வைத்து, “இந்தப் பிள்ளை எப்படி யோசிச்சிருப்பான்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டால் போதும். தமிழ்ப் பிரிவு, மலையாளப் பிரிவு என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் பேனாவை எடுத்துவிடுவார்கள்.

முதல் வருடம் மாதம் ஒருமுறை அவரைப் போனில் கூப்பிடுங்கள். “வேலை எப்படிப் போகுது” என்று தொடங்க வேண்டாம். “இப்ப எந்தப் பிள்ளையைப் பாத்துட்டு இருக்கீங்க டீச்சர்?” என்று கேளுங்கள்.